திரும்பக் கூப்பிட முடியாத எண்

அத்தியாயம் 14

ஈப்போவிலிருந்து ஆறரை மணிக்கே கிளம்பியும், சிலிம் ரிவரைத் தாண்டி ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து முச்சந்திக்கு வந்து சேர எட்டேகால் ஆகிவிட்டது. தர்மேந்திரன் காரை மெதுவாக்கினான். மூன்று மண்சாலைகள். மூன்றும் ஒரே மாதிரி செம்பனை மரங்களுக்குள் நுழைந்து மறைந்தன. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. தெரிந்தவன் நடுச்சாலையில் போவான். தெரியாதவன் தடுமாறுவான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஸ்வரி வெளியே பார்க்கவில்லை. மடியிலிருந்த பழக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பதினாறு நாளுக்கு முன் ஆம்புலன்ஸ் இங்கேதான் தடுமாறி நின்றது.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு, தர்மேந்திரனின் அக்கா மங்களத்தின் கணவர் சின்னையா, இரவுக் காவல் முடிந்து வந்து குளித்துவிட்டு வெளியே வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே சரிந்தார். வீட்டில் மங்களம் மட்டும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவள் அவசர எண் 999 அடித்தாள். கிடைத்தது. தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். வண்டி கிளம்பிவிட்டது, வழி தெரியாவிட்டால் அவள் நம்பருக்கே கூப்பிடுவார்கள் என்று மறுமுனையில் ஒரு பெண் மலாயில் சொன்னாள்.

வண்டி வந்தது. வழி தெரியவில்லை. கூப்பிட்டார்கள், ஒரு தடவை அல்ல, ஆறு தடவை. மங்களத்தின் கையிலேயே இருந்த போன் ஒரு தடவைகூட மணியடிக்கவில்லை. வண்டி இடப்பக்கச் சாலையில் போய், ஆளில்லாத உரக் கொட்டகையோடு பாதை முடிந்துபோக, திரும்பி வந்து நடுச்சாலையைப் பிடிப்பதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போயிற்று. சின்னையாவும் போயிருந்தார்.

ஏன் மணியடிக்கவில்லை என்பது அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. தினேஸ்வரிக்குத் தெரியும். அடக்கம் முடிந்த அன்றே அவள் அதைத் தர்மேந்திரனிடம் சொல்லியும்விட்டாள். அதனால்தான் இப்போது அவன் காரை நடுச்சாலையில் திருப்பியபடி, முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"அங்க யாரு என்ன கேட்டாலும் நீ பேசாத. நான் பாத்துக்கறேன்."

"அண்ணி கேட்டா?"

"அக்கா ஏன் கேக்கப்போறா? அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"அதான்ங்க எனக்குப் பயமா இருக்கு."

"காரியம் முடியட்டும், தினேஸ். சாப்புட்டுட்டு கிளம்பிடலாம். பிறகு கொஞ்ச நாளைக்கு வர வேணாம்."



செப்டம்பர் மாதம்வரை ஒன்பதாங்கட்டையில் எல்லார் கையிலும் பழைய கம்பெனி போன் லைன்தான். மாதக் கட்டணம் முப்பத்தெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். தினேஸ்வரி ஈப்போவின் ஜெலாப்பாங்கில் ஒரு பேரங்காடி வாசலில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு 'கிலாட்' கம்பெனியின் லைன் விற்கிறவள். நம்பர் அதே நம்பர், கம்பெனி மட்டும் மாறும். மாதத்துக்கு நாற்பது பேரை அப்படி மாற்றியாக வேண்டும். நாற்பது வரவில்லை என்றால் அடுத்த மாதம் மஞ்சள் சட்டை வேறொருத்திக்கு.

டவுனில் மாற்ற ஆளே மிச்சமில்லாமல் போயிற்று. ஒருத்தன் முப்பத்தைந்து என்றால் எதிர்க்கடைக்காரன் முப்பது என்பான். வாரத்துக்கு ஒரு பதாகை. முப்பது கிழிந்து இருபத்தைந்தாகும். ஒரே ஆள் ஆறு மாதத்தில் மூன்று கம்பெனி மாறினான். கடைசியில் கிலாட் பத்தொன்பது வெள்ளிக்கு இறங்கியபோது, அவளுடைய டீம் லீடர் தேவன் சொன்னான்: "டவுன் காஞ்சு போச்சு அக்கா. தோட்டப் பக்கம் போங்க. அங்க இன்னும் யாரும் கை வைக்கலை."

அவள் கவரேஜ் வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். டவர் எட்டுகிற இடமெல்லாம் மஞ்சள். ஒன்பதாங்கட்டை வெள்ளையாக இருந்தது.

"தேவன், அங்க நமக்கு லைனே இல்லையே."

"டிசம்பர்ல டவர் வருது லா. நீங்க போங்க."

போனாள். மேட்டில், பெரிய ரோட்டுப் பக்கமாக இருக்கும் மாரியம்மன் கோவில் வாசலில் மட்டும் ஒரு கோடு சிக்னல் கிடைத்தது. அங்கேயே மேசை போட்டாள். மங்களம்தான் முதல் ஆளாக வந்து ஐசி அடையாள அட்டையை நீட்டினாள். தம்பி பெண்டாட்டி விற்கிறாள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லி மற்றவர்களையும் அழைத்து வந்தாள். பதினாலு வீடு. "அதே போன், அதே நம்பர், பாதி விலை அண்ணி" என்று தினேஸ்வரி சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் இருந்தது.

பிறகு வீட்டில் லைன் சரியாக வருவதில்லை என்று மங்களம் இரண்டு தடவை சொன்னாள். "உங்க போன் பழசு அண்ணி" என்றாள் தினேஸ்வரி. அதைப் பொய் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார் தோட்டத் தொழிலாளர் லயத்தில் மங்களத்தின் வீட்டு வாசலில் நின்றது. நீலத் தார்ப்பாய்க் கூடாரத்தின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். பூசாரி வந்து இலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னையாவின் மகன் பவித்ரன் வாசலில் நின்றிருந்தான். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை. மொட்டையடித்த தலையில் இப்போதுதான் முடி குத்திக்கொண்டு வளர்ந்திருந்தது.

"வாங்க மாமா. வாங்க அத்தை. பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு பவி. உங்கம்மா எங்க?"

"பின்னால." அவன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, நான் கிலாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அம்மா நம்பரு ஏன் அன்னைக்கு வேலை செய்யலைன்னு ரெக்கார்டு கேட்டிருக்கேன். அம்மா கையெழுத்துப் போட்ட ஃபாரத்துலேருந்து எல்லாத்துக்கும் காப்பி கேட்டிருக்கேன். இன்னைக்கு அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க."

தர்மேந்திரன் தொண்டையைக் கனைத்தான். "எதுக்குடா இப்ப அதெல்லாம்? போன உசிரு வரவா போவுது?"

"வராது மாமா. காரணம் தெரியணும்ல."

அவன் அதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. தினேஸ்வரிக்கு மட்டும் அது தன் மேல் வந்து விழுந்ததாகப் பட்டது. பழக்கூடையை வைக்கிற சாக்கில் உள்ளே போனாள்.

சமையலறையில் மங்களம் தரையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது. இந்தப் பதினாறு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நாத்தனாரைப் பார்த்ததும் தினேஸ்வரி பழக்கூடையைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டியா தினேசு. நல்லதாப் போச்சு. இங்க வா, கதவைச் சாத்து."

"என்ன அண்ணி?"

மங்களம் கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே அவளுடைய போன்.

"ஆளுங்க முன்னாடி கேக்க வெக்கமா இருக்கு. நீதான் போன் வேலை பாக்கறவ. நான் அன்னைக்கு எதை அமுத்தினேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

தினேஸ்வரி வாங்கிக்கொண்டாள். திரையின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருந்தது: அவசர அழைப்பு மட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் அறிவாள். கீழே அன்றைக்குப் போன அழைப்பு. 999. பத்து மணி நாலு நிமிடம். வந்த அழைப்பு ஒன்றுமே இல்லை.

"ஒன்னும் இல்ல அண்ணி. போன் பழசு, அதான்."

"இல்ல தினேசு. நான்தான் என்னமோ அமுத்திட்டேன். 999 போச்சுல்ல? நல்லா பேசினேன்ல? ரெண்டு நிமிசத்துக்கு முன்னாடி போன லைன் பிறகு எப்படி இல்லாமப் போவும்? அவர் தலையை மடியில வச்சிருந்தேன். கை நடுங்குச்சு. பட்டனை எதையோ அமுத்தி சத்தத்தை நிறுத்திட்டேன் போல. 'மக்சிக், அம்மா, நாங்க நிறைய தடவை கூப்பிட்டோம்'னு அந்த ஆம்புலன்ஸ் பையன் அழுவற மாதிரி சொன்னான்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி…"

"பவிகிட்ட சொல்லிடாத." மங்களம் அவள் கையைப் பிடித்தாள். வாழைக்காய்ப் பால் பிசுபிசுத்தது. "என்னமோ கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கானாம். அம்மாதான் தப்பு பண்ணாங்கன்னு அதுல வந்துட்டா, என் கையாலயே அவங்கப்பன் செத்தாருன்னு நெனச்சுக்குவான். அவனும் இல்லைன்னா எனக்கு யாரு இருக்கா?"

இப்போது சொல்லிவிடலாம் என்று தினேஸ்வரிக்குத் தோன்றியது. நாலைந்து வாக்கியம் போதும். 999 எந்தக் கம்பெனி டவர் கிடைத்தாலும் அதில் ஏறிப் போகும். அது போனதால் உங்கள் லைன் இருந்தது என்று அர்த்தமில்லை. திரும்பக் கூப்பிடுகிறவனுக்கு உங்கள் கம்பெனியின் டவர் வேண்டும். இங்கே அது இல்லை. இருந்ததே இல்லை.

வெளியே தர்மேந்திரன் இருமுவது கேட்டது.

"சொல்ல மாட்டேன் அண்ணி" என்றாள்.

மங்களம் தலையாட்டிவிட்டு மறுபடியும் வாழைக்காயை எடுத்தாள். அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. அதைப் பார்க்க முடியாமல் தினேஸ்வரி பின்கதவு வழியாக வெளியேறி, குழாயைத் திறந்து கையைத் தேய்த்துக் கழுவினாள்.

காரியம் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. பந்தி முடிந்து ஆட்கள் கூடாரத்தின் கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் இறங்கினான். தினேஸ்வரிக்கு அவனைத் தெரியும். கனகராஜ். முன்பு அவளோடு அதே பேரங்காடி வாசலில் மஞ்சள் சட்டை போட்டு நின்றவன். போன வருடம், தோட்டத்தில் முன்பிருந்த அந்தப் பழைய கம்பெனிக்குத் தாவிவிட்டான்.

அவன் நேராகச் சின்னையாவின் படத்துக்கு முன் போய்க் கும்பிட்டான். பவித்ரனின் கையைப் பிடித்து ஏதோ ஆறுதல் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, வேனிலிருந்து மடக்கு மேசையை எடுத்துக் கூடாரத்தின் ஓரமாகப் போட்டான். சிவப்புக் குடையை விரித்தான்.

தினேஸ்வரி எழுந்து போனாள். "கனகு, இது கருமாதி வீடு. உனக்கு மனசே இல்லையா?"

"எனக்கும் டார்கெட் இருக்கு அக்கா. உங்களுக்குத் தெரியாததா?" அவன் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. "மேசை கோவில்ல போட்டா என்ன, இங்க போட்டா என்ன. நீங்க எங்க போட்டீங்க?"

அவள் தன் நாற்காலிக்குத் திரும்பினாள்.

லைன் வராமல் இரண்டு மாதமாக அவதிப்பட்ட ஆட்கள் அதற்குள் நாற்காலியை இழுத்துப்போட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கனகராஜ் பேசத் தொடங்கினான். கூட்டம் சேரச் சேரக் குரல் ஏறியது.

"பதினெட்டு வெள்ளிண்ணே. அவங்களைவிட ஒரு வெள்ளி கம்மி. பழைய நம்பரேதான். ஆனா நான் விலைக்காக வரச் சொல்லலை. சின்னையா அண்ணன் எப்படிப் போனாரு? ஆம்புலன்ஸ்காரன் கூப்பிட்டான், மணி அடிக்கலை. ஏன் அடிக்கலை?"

"போன் கெட்டுப்போச்சாம்" என்றார் யாரோ.

"போன் கெடலைண்ணே. 999 அடிச்சா எவன் டவர் கிடைக்குதோ அதுல போவும். அன்னைக்கு எங்க டவர்லதான் போயிருக்கும். ஆனா திருப்பிக் கூப்பிடணும்னா உங்க சொந்தக் கம்பெனி டவர் வேணும். கிலாட்டுக்கு இந்தத் தோட்டத்துல டவரே கிடையாது. அந்த நம்பருக்கு நூறு தடவை கூப்பிட்டிருந்தாலும் மணி அடிச்சிருக்காது."

தட்டு ஒன்று மேசை மேல் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. தேநீர் கொண்டு வந்த மங்களம் அங்கேயே நின்றிருந்தாள்.

"தம்பி, இப்ப என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

கனகராஜ் தடுமாறினான். "அம்மா… நான் பொதுவாத்தான்…"

"சொல்லு தம்பி."

அவன் சொன்னான். இந்தத் தடவை மெதுவாக, குரலை ஏற்றாமல். மங்களம் முழுதும் கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"தினேசு. இந்தத் தம்பி சொல்றது நெசமா?"

தர்மேந்திரன் குறுக்கே வந்தான். "அக்கா, அவன் யாவாரம் பண்ண வந்தவன். போட்டிக் கம்பெனிக்காரன். அவன் வேற எப்படிப் பேசுவான்?"

"நான் உன்னைக் கேக்கலை."

 தினேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே கெஞ்சினான். காலையில் பிசுபிசுத்த அந்தக் கை அவள் கையில் இன்னும் இருப்பதுபோல் இருந்தது.

"நெசம் அண்ணி."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். டவர் இல்லைன்னு தெரியும். டிசம்பர்ல வரும்னு சொன்னாங்க. நான் அதை நம்பி…" நம்பவில்லை என்று அவளுக்கே தெரிந்ததால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"காலைல நான் போனைக் காட்டினேனே. அப்பவும் தெரியும்."

"தெரியும் அண்ணி."

மங்களம் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னாள்:

"அப்ப நான் ஒன்னும் தப்பா அமுத்தலை."

பவித்ரன் ஓடி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். "என்னம்மா சொல்றீங்க? யாரு உங்களைத் தப்புன்னு சொன்னா?"

"நானேதான் சொல்லிக்கிட்டேன். பதினாறு நாளா ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அந்தப் போனை அமுத்தி அமுத்திப் பாக்கறேன். எது அந்தப் பட்டன், எது அந்தப் பட்டன்னு." அவள் தினேஸ்வரியை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை. "டவரு இல்லாம வித்தியே, அதைக்கூட விட்டுடறேன். நீ வயித்துப்பாட்டுக்கு வித்த. பாதி விலைன்னதும் நானும்தான் ஆசைப்பட்டேன். நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வேற வந்தேன். ஆனா அடக்கத்துக்கு வந்த, எட்டாம் நாளுக்கு வந்த, இன்னைக்கு வந்த. நான் கெடந்து சாகறதைப் பாத்துக்கிட்டே இருந்தியே, தினேசு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அண்ணி…"

"அண்ணின்னு கூப்பிடாத."

தினேஸ்வரி அவள் காலடியில் உட்காரப் போனாள். பவித்ரன் நடுவில் எழுந்து நின்றான். அவன் அடிக்க வரவில்லை, கத்தவும் இல்லை. "அத்தை, கிளம்புங்க. மாமா, கூட்டிக்கிட்டுப் போங்க."

"பவி, நான் உன் தாய்மாமன்டா…"

"தெரியும் மாமா. டவர் விசயம் உங்களுக்கும் தெரியுமா?"

தர்மேந்திரன் தரையைப் பார்த்தான். பவித்ரனுக்கு அதுவே போதுமாயிருந்தது.

அவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது மங்களம் கனகராஜைக் கூப்பிடுவது கேட்டது. "தம்பி, என் புருசன் பேரைச் சொல்லி இங்க யாவாரம் பண்ணாத. மேசையை எடு."

அவன் எடுத்துக்கொண்டான். ஆனால் எங்கும் போய்விடவில்லை. கோவில் வாசலில் போய் மறுபடி விரித்தான். கார் மேட்டைத் தாண்டும்போது தினேஸ்வரி பார்த்தாள். செப்டம்பரில் அவளுக்கு முன்னால் வரிசை நின்ற அதே ஆட்கள் சிவப்புக் குடைக்கு முன்னால் ஐசியோடு நின்றார்கள். வேறென்ன செய்வார்கள்? போன் இல்லாமல் அந்தக் காட்டுக்குள் இருக்க முடியாது. கடைசியாக நின்றவன் பவித்ரன். அவன் கையில் அம்மாவின் போன் இருந்த அந்தப் பிளாஸ்டிக் பை இருந்தது.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் கைப்பைக்குள் போன் தொடர்ந்து அதிர்ந்தது. தேவனின் குரல்பதிவு. போட்டாள்.

"அக்கா, என்ன நடக்குது அங்க? ஒரே இடத்துலேருந்து ஏழு பேரு வெளிய போறேன்னு அப்ளை பண்ணிருக்காங்க. சேர்ந்து தொண்ணூறு நாள் முடியலைக்கா, கமிஷனைத் திரும்பப் புடிப்பாங்க, எல்லாம் நம்ம தலையில விழும். மூணு மாசம் இலவசம்னு சொல்லுங்க. டவர் கதையைச் சொல்லிப் புடிச்சு வைங்க. டவர் இனிமே வராது போல, அது வேற விசயம். நீங்க சொல்லுங்க லா."

தர்மேந்திரன் வேகத்தைக் கூட்டினான். சுங்கை டவுனைத் தாண்டினார்கள். மழை பிடித்துக்கொண்டது.

"வாயை மூடிக்கிட்டு இருன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றான் கடைசியில். "எனக்கு ஒரே அக்கா. தெரியுமா? இனிமே அந்த வாசல்ல என்னால கால் வைக்க முடியுமா?"

"மூடிக்கிட்டு இருந்ததாலதாங்க இப்படி ஆச்சு."

"ஆமா, எல்லாம் என் தப்பு. லைன் வித்தது நானு."

 அப்போது போன் மணியடித்தது. திரையில் பவித்ரன் பெயர். தர்மேந்திரன் எட்டிப் பார்த்து, தானே ஸ்பீக்கரைப் போட்டான். மருமகன் மனம் மாறிக் கூப்பிடுகிறான் என்று நினைத்திருப்பான்.

"அத்தை." பவித்ரனின் குரல் தட்டையாக இருந்தது. "கம்பெனி ஃபாரத்தை அனுப்பிட்டாங்க. ரெண்டு பக்கம். ரெண்டாம் பக்கத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'என் வீட்டுப் பகுதியில் சிக்னல் இல்லை என்பதை விற்பனையாளர் எனக்கு விளக்கிச் சொன்னார். அதை அறிந்தே சம்மதிக்கிறேன்.' கீழ கையெழுத்து இருக்கு. அதனால அவங்க மேல தப்பு இல்லையாம். எல்லாத்தையும் தெரிஞ்சுதான் அம்மா மாறினாங்களாம்."

தினேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மொத பக்கத்துல அம்மா தமிழ்ல போட்டிருக்காங்க. அவங்களுக்கு அது ஒன்னுதான் தெரியும். தோட்டப் பள்ளிக்கூடத்துல மூணாவதோட நின்னவங்க. ரெண்டாம் பக்கத்துல இங்கிலீஷ்ல கிறுக்கியிருக்கு. அது யாரு போட்டது அத்தை?"

செப்டம்பரில் மேசை போட்ட அன்று மாலை கோவில் வாசலில் நல்ல மழை. முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஐந்து மணிக்குள் கணக்கு ஏறாவிட்டால் அந்த வாரத்தில் சேராது. டேப்லட் இரண்டாம் பக்கத்துக்குக் கையெழுத்துக் கேட்டது. அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினால் ஒருத்தர்கூடப் போட மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. விரலை வைத்து இழுத்தாள். ஒவ்வொன்றாக. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அத்தை? இருக்கீங்களா?"

"நான்தான் பவி."

கார் ஒரு கணம் வழுக்கியது. தர்மேந்திரன் பிரேக்கை அழுத்தி வண்டியை ஓரமாக ஒதுக்கினான். இது அவனுக்கும் தெரியாத செய்தி.

"அம்மாவுக்கு மட்டும் இல்ல" என்றாள் தினேஸ்வரி. "பதினாலு பேருக்கும் நான்தான் போட்டேன்."

மறுமுனையில் பின்னால் யாரோ, அது மங்களமாகத்தான் இருக்க வேண்டும், "என்னடா சொல்றா?" என்று கேட்பது கேட்டது.

"இதைப் போலீஸ்ல வந்து சொல்லுவீங்களா அத்தை? நீங்க சொன்னாத்தான் அந்தக் காகிதம் பொய்யாகும். இல்லைன்னா அம்மா தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டாங்கன்னு ஆயிடும். அப்பா செத்ததுக்கு மறுபடி அம்மாதான் காரணம்னு ஆயிடும்."

தர்மேந்திரன் கையை நீட்டி அழைப்பைத் துண்டித்தான். போனைப் பிடுங்கித் தன் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"பைத்தியமா உனக்கு? அடுத்தவங்க கையெழுத்துப் போட்டது ஜெயில் கேஸு, தெரியுமா? வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. உன் கம்பெனிக்காரன் ஒருத்தனாவது வந்து நிப்பானா? அந்தத் தேவன் நிப்பானா?"

"நிக்க மாட்டான்."

"பிறகு?"

"குடுங்க, போனை."

"தர முடியாது."

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். சாலையோரக் கல்லில் பீடோர் இரண்டு கிலோமீட்டர் என்று இருந்தது. அங்கே பெரிய ரோட்டிலேயே போலீஸ் ஸ்டேஷன் இருப்பதை வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். செருப்பு சேற்றில் புதைந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினாள்.

"தினேஸ்! எங்க போற? ஏய், தினேஸ்!"

ஒரு லாரி தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டு கடந்தது. அவள் நிற்கவில்லை. பின்னால் கார்க் கதவு படீரென்று திறந்து மூடுவதும், சேற்றில் ஓடி வருகிற காலடியும் கேட்டன. இழுத்துப் போகத்தான் வருகிறானா, கூட நடக்கத்தான் வருகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.